வார மாத்திரையைத் தினமும் உட்கொண்ட நோயாளி: மெத்தோட்ரெக்ஸேட் மருந்துச் சீட்டு ஒன்று தவறாக வாசிக்கப்பட்ட நிகழ்வு

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் பொது மருத்துவப் பிரிவில் மருந்தாளுநராகப் பணிபுரியும் நான், அப்பிரிவில் சிகிச்சை பெற்ற ஒருவருக்கு நேர்ந்ததை இங்கே பதிவு செய்கிறேன். நோயாளியும் குடும்பத்தாரும் இதற்கு ஒப்புதல் அளித்துள்ளனர். ஊர், மருத்துவர், மருந்துக்கடை ஆகியவற்றின் அடையாளங்கள் நீக்கப்பட்டுள்ளன.

பின்னணி

நோயாளி 58 வயதுப் பெண். விவசாயக் கூலித் தொழிலாளி. இரண்டு ஆண்டுகளாகக் கை விரல் மூட்டுகளிலும் மணிக்கட்டிலும் வீக்கம். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்களை மடக்க முடியாத விறைப்பு. நாற்று நட முடியாமல் போன பிறகு, மகனின் வற்புறுத்தலால் பக்கத்து நகரத்தில் தனியாகச் சிகிச்சையளிக்கும் மூட்டுவாத நிபுணர் ஒருவரிடம் சென்றார். முடக்குவாதம் என்று உறுதி செய்யப்பட்டு, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் 10 மி.கி. தொடங்கப்பட்டது.

இந்த மருந்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். புற்றுநோய்க்கு அதிக அளவிலும், முடக்குவாதத்துக்கும் சொரியாசிசுக்கும் மிகக் குறைந்த அளவிலும் தரப்படும் இது, முடக்குவாத சிகிச்சையில் உலகெங்கும் முதலில் தேர்ந்தெடுக்கப்படும் மருந்தாகும். விலை குறைவு, பலனும் நன்று. ஆனால், பிற மாத்திரைகளைப் போல் நாள்தோறும் எடுப்பதற்கு உரியதன்று. செல்கள் பெருகுவதற்குத் தேவையான ஃபோலேட் என்ற பி வைட்டமினை உடல் பயன்படுத்த விடாமல் தடுப்பதே இதன் வேலை. வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடுத்தால், எலும்பு மஜ்ஜையும் வாய், குடல் ஆகியவற்றின் உட்படலமும் மீதி நாட்களில் தம்மைச் சரிசெய்துகொள்கின்றன. தினமும் எடுத்தால் அந்த இடைவெளி கிடைப்பதில்லை. அதே மாத்திரை வாரம் ஒன்று என்றால் மருந்து. நாள் ஒன்று என்றால் உயிரைப் பறிக்கக்கூடிய நஞ்சு.

முதல் இரண்டு மாதங்களும் சிக்கலின்றிச் சென்றன. அந்த நிபுணரின் சிகிச்சையகத்தோடு இணைந்த மருந்துக்கடையில் ஒவ்வொரு மாதமும் நான்கு மாத்திரைகளை மட்டும் வெட்டிக் கொடுத்து, கவரின் மேல் ‘சனிக்கிழமை மட்டும்’ என்று தமிழில் எழுதினார்கள். வீட்டில் அதற்குச் ‘சனிக்கிழமை மாத்திரை’ என்றே பெயர் வந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாள் ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

சீட்டும் கடையும்

மூன்றாம் மாதப் பரிசோதனையில், வீக்கம் முழுமையாக அடங்காததால் மருத்துவர் அளவை 15 மி.கி. ஆக உயர்த்தினார். இது வழக்கமான, சரியான முடிவு. அந்தச் சீட்டைப் பின்னர் நான் நேரில் பார்த்தேன். ஐந்து வரிகள்: மெத்தோட்ரெக்ஸேட்டின் வணிகப் பெயரும் 15 என்ற எண்ணும், ஃபோலிக் அமிலம் 5 மி.கி., முடக்குவாதத்துக்கான மற்றொரு மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயின், ஒரு வலி நிவாரணி, வயிற்றுப் புண் தடுப்பு மாத்திரை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே காலை, மதியம், இரவு என்ற வரிசையில் 1-0-0 அல்லது 1-0-1 என்று எழுதப்பட்டிருந்தது. முதல் இரண்டு வரிகளுக்கும் 1-0-0. அந்த இரண்டையும் சேர்த்துத் தாளின் வலது ஓரத்தில் ஒரு வளைவுக் கோடு போட்டு, ‘வீக்லி’ என்று ஆங்கிலத்தில் சுருக்கி எழுதி, முறையே சனி, ஞாயிறு நாட்களின் முதலெழுத்துகளையும் குறித்திருந்தார்கள். கையெழுத்து அழகானதல்ல, ஆனால் வாசிக்க முடியாததும் அல்ல. ஒவ்வொரு மருந்திலும் மொத்தம் எத்தனை மாத்திரை கொடுக்க வேண்டும் என்பது மட்டும் எங்கும் இல்லை.

அன்று மாலை இணைந்த கடையில் 15 மி.கி. மாத்திரை இருப்பில் இல்லை. கடைசிப் பேருந்து போய்விடும் என்பதால், உள்ளூரில் வாங்கிக்கொள்வதாகக் கூறிக் குடும்பத்தார் திரும்பிவிட்டனர். மறுநாள் காலை மருமகள் சீட்டைக் கைபேசியில் படமெடுத்து உள்ளூர் மருந்துக்கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினார். ‘எல்லாம் 10 நாளைக்கு’ என்பது அவர் உடன் அனுப்பிய செய்தி.

அந்தச் செய்தியின் காரணம் பணம்தான். மருத்துவர் கட்டணம், ரத்தப் பரிசோதனை, பேருந்துச் செலவு எல்லாம் கொடுத்த பிறகு, ஒரு மாத மருந்தையும் ஒரே தடவையில் வாங்க அந்த வாரக் கூலி போதவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை அவர்களிடம் இருக்கிறது. ஆனால் அத்திட்டம் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைகளுக்கானது. புறநோயாளியாகத் தனியார் மருத்துவரைப் பார்த்துக் கடையில் வாங்கும் மாத்திரைக்கு அதிலிருந்து ஒரு ரூபாயும் வராது. ஆகவே நாள்பட்ட நோயுள்ள ஏழைக் குடும்பங்கள் மருந்தை நாள் கணக்கில் வாங்குகின்றன. ‘அஞ்சு நாளைக்குக் கொடுங்க’, ‘பத்து நாளைக்குக் கொடுங்க’ என்பது நம் ஊர் மருந்துக்கடைகளில் அன்றாடம் கேட்கும் பேச்சு. தினசரி மருந்துகளுக்கு இந்தப் பேச்சால் கேடில்லை. வார மருந்துக்குப் பத்து நாள் என்றால் ஒன்று அல்லது இரண்டு மாத்திரை. கடைக்காரரின் காதில் அது பத்து மாத்திரை என்றுதான் விழுந்தது.

படத்தில் சீட்டின் வலது ஓரம் விழவில்லை. வளைவுக் கோட்டின் தொடக்கம் மட்டும் தெரிந்தது. ‘வீக்லி’ என்ற சொல்லும் கிழமைகளும் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டன. கடையில் பதிவு பெற்ற மருந்தாளுநர் அப்போது இல்லை. பல ஆண்டு அனுபவமுள்ள உதவியாளர் ஒருவர், சீட்டிலுள்ள நிறுவனத்தின் மாத்திரை இல்லாததால் அதே மூலப்பொருளும் அளவும் கொண்ட வேறு நிறுவனத்தின் மாத்திரையில் ஓர் அட்டையை எடுத்து, கவரில் ‘காலை 1, சாப்பிட்ட பின்’ என்று எழுதி வைத்தார் என்று குடும்பத்தார் சொன்னதைக் கடையும் பின்னர் உறுதிப்படுத்தியது. மருமகள் போய்ப் பணம் கொடுத்து வாங்கி வந்தார். அசல் சீட்டு வீட்டில் குடும்ப அட்டையோடு பாலித்தீன் உறையில் இருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை.

வீட்டில் இந்தத் தவறு பிடிபட்டிருக்க வேண்டாமா என்று கேட்கலாம். நானும் கேட்டேன். நோயாளி தந்த விடை தெளிவானது: “சனிக்கெழம மாத்திரைய டாக்டரு நிறுத்திட்டாருன்னு நெனச்சேன் சார். இது வேற கலரு, வேற அட்டை. புதுசா எழுதிக் குடுத்துருக்காருன்னு தினம் போட்டேன்.” அளவு கூடியபோது மாத்திரையின் உருவும் மாறியது, நிறுவனம் மாறியதால் அட்டையும் மாறியது. இரண்டு மாதம் அவரைக் காத்த ‘சனிக்கிழமை மாத்திரை’ என்ற அடையாளம் அதோடு அறுந்துபோனது.

முதல் அறிகுறிகள்

ஐந்தாம் நாள் வாயில் எரிச்சல் தொடங்கியது. உடல் சூடு என்று எண்ணி மோரும் இளநீரும் குடித்தார். ஆறாம் நாள் உதட்டின் உட்புறமும் நாக்கும் புண்ணாகி, அதே கடையில் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் வாய்ப்புண்ணுக்குத் தடவும் களிம்பும் வாங்கினார்கள். மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கும் ஒருவருக்குத் திடீரென வாய்ப்புண் வந்தால், ஆபத்தின் முதல் மணி அதுதான் என்பதைக் கவுண்டரில் நிற்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். எட்டாம் நாள் காய்ச்சல். உள்ளூர் மருத்துவர் ஒருவர் வலி நிவாரணி ஊசி போட்டு ஆன்டிபயாடிக் எழுதினார். வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்ற கேள்விக்கு ‘மூட்டு வலி மாத்திரை’ என்று பதில் போயிருக்கிறது. பத்தாம் நாள் காலை எதையும் விழுங்க முடியாத நிலையில், மாத்திரையும் போடாமல், எங்கள் மருத்துவமனைக்கு வந்தார்.

சேர்க்கையின்போது கண்டவை

காய்ச்சல் 102 டிகிரி. வாய் முழுதும் வெண்படலம் மூடிய புண்கள். ஈறுகளில் ரத்தக் கசிவு. கால்களில் சிவந்த புள்ளிகள். வெள்ளணுக்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 1,100. அவற்றில் கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோஃபில் 380. தட்டணுக்கள் 34,000. ஹீமோகுளோபின் 8.4. சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் 1.9, இரண்டு மாதங்களுக்கு முன் அது 1.0 ஆக இருந்தது.

அது மழைக்காலம். வார்டில் ஏற்கெனவே டெங்கு நோயாளிகள் இருந்தார்கள். காய்ச்சலும் தட்டணுக் குறைவும் சேர்ந்து வந்தால் தமிழ்நாட்டில் எந்த மருத்துவரின் மனமும் முதலில் டெங்கை நோக்கித்தான் செல்லும், அதில் தவறில்லை. ஆயினும் பணியிலிருந்த பட்டமேற்படிப்பு மருத்துவருக்கு மூன்று செய்திகள் உறுத்தின. வாய்ப்புண் காய்ச்சலுக்கு மூன்று நாள் முன்பே வந்திருந்தது. டெங்கில் ரத்தம் செறிவடையும்; இங்கோ ஹீமோகுளோபின் இறங்கியிருந்தது. மூவகை அணுக்களும் ஒன்றாகக் குறைந்திருந்தன. டெங்குப் பரிசோதனைக்கு ரத்தத்தை அனுப்பிய கையோடு, வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் பையோடு எடுத்து வரச் சொன்னார். அந்தச் சொல்தான் நோயாளியைக் காப்பாற்றியது என்று நான் கருதுகிறேன்.

பையைப் பிரித்துப் பார்ப்பது என் வேலையாயிற்று. பத்து மாத்திரை கொண்ட மெத்தோட்ரெக்ஸேட் 15 மி.கி. அட்டையில் ஒன்பது குழிகள் உடைந்திருந்தன. ஒன்று மட்டும் மீதி. கடை ரசீதில் ஒன்பது நாளுக்கு முந்தைய தேதி, எண்ணிக்கை 10. பழைய கவர் ஒன்றும் பையின் அடியில் கிடந்தது, ‘சனிக்கிழமை மட்டும்’ என்ற எழுத்தோடு. அந்த ஒன்பது நாளில் அவருக்குச் சேர வேண்டியது அதிகம் போனால் 30 மி.கி.; சேர்ந்தது 135 மி.கி.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மெத்தோட்ரெக்ஸேட்டோடு வலி நிவாரணியும் உடனே நிறுத்தப்பட்டது. மெத்தோட்ரெக்ஸேட் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. இவ்வகை வலி நிவாரணிகள் அந்த வெளியேற்றத்தைக் குறைக்கக்கூடும். கிரியேட்டினின் ஏறியிருந்த நிலையில் மருந்து உடலிலேயே தங்கும் அபாயம் இரட்டிப்பாகியிருந்தது.

அடுத்த முடிவு மாற்று மருந்து பற்றியது. ஃபோலிக் அமில மாத்திரையின் அளவைக் கூட்டினால் போதாதா என்று ஒரு பயிற்சி மருத்துவர் கேட்டார். நல்ல கேள்வி. ஃபோலிக் அமிலம் உடலில் பயன்பட வேண்டுமானால் ஒரு நொதி அதை மாற்றியாக வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் பிடித்து வைத்திருப்பது அந்த நொதியைத்தான். ஃபோலினிக் அமிலம், அதாவது லூகோவோரின், அந்தத் தடையைத் தாண்டி நேரடியாகச் செல்களுக்குப் பயன்படும். பொது மருத்துவ வார்டின் இருப்பில் அது இல்லை. புற்றுநோய்ப் பிரிவிலிருந்து பெற்று, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 15 மி.கி. ரத்தக்குழாய் வழியே தொடங்கப்பட்டது.

ரத்தத்தில் மெத்தோட்ரெக்ஸேட் அளவைக் கண்டறியும் வசதி எங்களிடம் இல்லை. வெளியே அனுப்பி முடிவு வரும்வரை காத்திருப்பதா என்ற விவாதம் நடந்தது. காத்திருக்க வேண்டாம் என்று துறைத்தலைவர் முடிவு செய்தார். பல நாட்களாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த நச்சுத்தன்மையில், ரத்தத்தில் அளவு குறைவாகக் காட்டினாலும் செல்களுக்குள் பாதிப்பு தொடரும். அணுக்களின் எண்ணிக்கையே இங்கே நம்பத்தக்க அளவுகோல். லூகோவோரினைத் தாமதிப்பதால் வரும் கேடு, தேவையின்றிக் கொடுப்பதால் வருவதைவிடப் பன்மடங்கு பெரிது.

நியூட்ரோஃபில் 500க்குக் கீழே இறங்கி, காய்ச்சலும் இருந்ததால், கிருமி உறுதியாகும்வரை காத்திராமல் பைப்பராசிலின்-டாசோபாக்டம் என்ற ஆன்டிபயாடிக் தொடங்கப்பட்டது. வெள்ளணு உற்பத்தியைத் தூண்ட ஃபில்கிராஸ்டிம் ஊசி தினமும் போடப்பட்டது. சிறுநீர் நன்றாகப் பிரியவும் காரத்தன்மையோடு இருக்கவும் சலைனும் சோடியம் பைகார்பனேட்டும் தரப்பட்டன. தனி அறை கிடைக்காததால் ஓரப் படுக்கை ஒதுக்கப்பட்டது. பார்க்க வருபவர்கள் கட்டுப்படுத்தப்பட்டார்கள். இது சொல்வதற்கு எளிது, செய்வதற்கு மிகக் கடினம்.

தொடர்ந்து நடந்தவை

டெங்கு இல்லை என்று பரிசோதனை முடிவு வந்தது. மூன்றாம் நாள் நிலை மேலும் மோசமானது: வெள்ளணுக்கள் 700, தட்டணுக்கள் 14,000, மூக்கில் ரத்தம். தட்டணுக்கள் ஏற்றப்பட்டன. நான்காம் நாள் இரவு காய்ச்சல் தணிந்தது. ஆறாம் நாளிலிருந்து அணுக்கள் ஏறத் தொடங்கின, எட்டாம் நாள் வெள்ளணுக்கள் 4,200, தட்டணுக்கள் 90,000, கிரியேட்டினின் 1.1க்குத் திரும்பியது. லூகோவோரின் அதன் பிறகே நிறுத்தப்பட்டது. ஒன்பதாம் நாள் இட்லியைக் கரைத்துச் சாப்பிட்டார். பதினான்காம் நாள் வீடு திரும்பினார். இந்தச் சிகிச்சை முழுவதற்கும் அவர் பணம் ஏதும் செலுத்தவில்லை. கடையில் சில நூறு ரூபாய்க்கு முழு மாதத்துக்கு வாங்க முடியாமல் தொடங்கிய ஒன்று, அரசுக்கு எத்தனை மடங்கு செலவாக வந்து முடிந்தது என்பதைப் புறநோயாளிகளின் மருந்துச் செலவைக் காப்பீட்டுக்கு வெளியே வைத்திருப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மூட்டுவாத நிபுணரிடம் தொலைபேசியில் பேசினோம். அவர் மறுநாளே நேரில் வந்து நோயாளியைப் பார்த்தார். மெத்தோட்ரெக்ஸேட்டை மீண்டும் தொடங்காமல், ஹைட்ராக்சிகுளோரோகுயினோடு சல்ஃபாசலசின் சேர்ப்பது என்று அவரும் எங்கள் பிரிவும் சேர்ந்து முடிவு செய்தோம். மருத்துவ அடிப்படையில் சில மாதம் கழித்துக் குறைந்த அளவில் மெத்தோட்ரெக்ஸேட்டைத் தொடங்க இடமுண்டு. ஆனால் நோயாளி அதைக் கையால் தொடவும் அஞ்சுகிறார், அந்த அச்சத்தை மதிக்க வேண்டியிருக்கிறது. மலிவான, மிகச் சிறந்த ஒரு மருந்தை அவர் இழந்தது இந்த நிகழ்வின் நிலையான நட்டம்.

கடைமீது புகார் கொடுக்க வேண்டும் என்று மகன் விரும்பினார். அது அவருடைய உரிமை என்றும், யாரிடம் தர வேண்டும் என்றும் சொன்னோம். மருத்துவமனை தன் தரப்பில், கல்லூரியிலுள்ள மருந்துப் பக்கவிளைவுக் கண்காணிப்பு மையம் வழியாக இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அறிக்கை அனுப்பியது. பொதுமக்களும் அத்திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். நான் கடைக்குச் சென்று உரிமையாளரிடமும் உதவியாளரிடமும் பேசினேன். உதவியாளர் மறைக்கவில்லை. “ஒண்ணு சைபர் சைபர்னா காலைல ஒண்ணுதானே சார், வர்ற சீட்டெல்லாம் அப்படித்தானே இருக்கு” என்றார். அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை.

தவறு எங்கே நுழைந்தது

இந்நிகழ்வை மருத்துவரின் கிறுக்கலான கையெழுத்தால் வந்த கேடு என்று சுருக்குவது எளிது. எங்கள் கூட்டத்திலும் முதலில் அப்படித்தான் பேசப்பட்டது. நான் உடன்படவில்லை. மருந்தின் பெயர் சரியாக வாசிக்கப்பட்டது; அளவு சரி; நோயாளியும் சரி. மருந்துகளை மூலப்பெயரில், தெளிவாக, இயன்றவரை ஆங்கிலத்தின் பெரிய (கேப்பிடல்) எழுத்துகளில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இல் விதியைத் திருத்தியது. வாசிக்கத்தக்க மருந்துச் சீட்டைப் பெறுவது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025இல் பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம் கூறியது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆனால் இந்தச் சீட்டு கணினியில் அச்சடிக்கப்பட்டிருந்தாலும், 1-0-0 என்ற கட்டமும் ஓரத்தில் ஒரு குறிப்புமாக இருந்திருந்தால் இதே முடிவுதான் வந்திருக்கும். மூன்று எண்களால் ஆன அந்தக் கட்டத்தில் நாளின் வேளைகளுக்கு மட்டுமே இடமுண்டு, வாரத்துக்கு இடமில்லை. வார மருந்தை அதில் எழுதும் கணத்திலேயே அது தினசரி மருந்தாக வாசிக்கப்படக் காத்திருக்கிறது. மருத்துவர், கடைக்காரர், நோயாளி மூவரும் அந்தக் கட்டத்துக்குப் பழகியவர்கள். பழக்கம் ஓரக் குறிப்பை வென்றுவிடும்.

இரண்டாவது, எண்ணிக்கை. கொடுக்க வேண்டிய மருந்தின் மொத்த அளவும், உட்கொள்ளும் அளவும் சீட்டில் இருக்க வேண்டும் என்று 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65ஆம் விதி ஏற்கெனவே சொல்கிறது. நடைமுறையில் மொத்த எண்ணிக்கையை எழுதுவோர் மிகக் குறைவு. ‘மொத்தம் 4’ என்று அந்த முதல் வரியில் இருந்திருந்தால், ஓரம் விழாத படத்திலும் அது தெரிந்திருக்கும். பத்து நாளைக்கு நான்கு எப்படி என்று உதவியாளர் நின்று கேட்டிருப்பார். கேட்காமல் நான்கைக் கொடுத்திருந்தாலும் நான்காம் நாள் மாத்திரை தீர்ந்திருக்கும்.

மாற்றியவையும் மாறாதவையும்

எங்கள் மருத்துவமனையில் மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு 1-0-0 எழுதுவது நிறுத்தப்பட்டுள்ளது. ‘வாரத்தில் சனிக்கிழமை மட்டும்’ என்று கிழமையைத் தமிழில், மருந்தின் பெயருக்கு நேர் கீழே, முழுச் சொல்லாக எழுதி, மொத்த எண்ணிக்கையையும் குறிக்கிறோம். பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2020இல், எடுக்க வேண்டிய கிழமையைச் சீட்டில் முழுமையாக எழுதச் சொன்னதும் இதே காரணத்துக்காகத்தான். மருந்து வழங்கும் இடத்தில் நான்கு வாரத்துக்கு நான்கு சிறு கவர்கள்; ஒவ்வொன்றின் மேலும் எடுக்க வேண்டிய தேதி. எழுத்தறியாதவர்களுக்கு வீட்டு நாட்காட்டியில் அந்தத் தேதிகளை வட்டமிட்டுக்கொள்ளுமாறு உடன் வருபவரிடம் சொல்லி, திருப்பிச் சொல்லவும் வைக்கிறோம். அளவைக் கூட்டும்போது கூடுமானவரை அதே மாத்திரையின் எண்ணிக்கையைக் கூட்டுகிறோம். மாத்திரை மாறியே ஆக வேண்டுமென்றால், ‘உங்கள் சனிக்கிழமை மாத்திரைதான், உருவம் மட்டும் மாறியிருக்கிறது’ என்ற ஒரு வாக்கியத்தைத் தவறாமல் சொல்கிறோம். எண்ணிக்கை கூடினால் எண்ணுவதில் பிழை வரலாம் என்ற மறுப்பு நியாயமானது. அதனால்தான் ஒரு வாரத்துக்குரியதை ஒரே கவரில் போடுகிறோம்.

உள்ளூர்க் கடை, மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு மட்டும் வாட்ஸ்அப் படத்தை ஏற்பதில்லை, அசல் சீட்டைப் பார்த்த பிறகே கொடுப்பது என்று ஒப்புக்கொண்டது. நான்கை வெட்டிக் கொடுப்பதில்தான் தயக்கம் இருக்கிறது. மீதி ஆறு மாத்திரை கொண்ட வெட்டப்பட்ட அட்டையை மொத்த விற்பனையாளர் திருப்பி எடுப்பதில்லை. சிற்றூரில் இந்த மருந்துக்கு வருவோரும் சிலரே. காலாவதியானால் நட்டம் கடைக்கு. நான்கு மாத்திரை கொண்ட அட்டைகளாகத் தயாரிப்பு நிறுவனங்கள் தந்தால் இச்சிக்கல் தீரும் என்று எங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறோம். எங்கள் பகுதிக் கடைகளில் இன்றும் கிடைப்பது பத்து மாத்திரை அட்டைதான்.